தபசு கால முட்டைகள்

சுண்ணாம்பு நீரில் போட்டால் முட்டை மாதக்கணக்கில் கெடாது. இதைச் சொன்னால் வீட்டில் குளிர்பெட்டி வைத்திருக்கும் என் மருமகள் முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும். யுத்த காலத்துத் தூத்துக்குடியில் குளிர்பெட்டி என்பது துரைமார்களின் கிளப்பில் மட்டும் இருந்த பொருள். எங்களுக்கு இருந்தவை கொல்லையில் கோழி, உப்பளத்தில் உப்பு, சூளையில் சுட்ட சிப்பி. இந்த மூன்றும் இருக்கிற ஊரில் முட்டை கெட்டுப்போனால் அது முட்டையின் குற்றமல்ல.

முறை இதுதான். சுட்ட சிப்பியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது சீறும், கொதிக்கும், கிட்டே நிற்பவனின் கண்ணைக் கேட்கும். நன்றாக ஆறவிட வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் முட்டையை அவித்துவிடுகிறார்கள். ஆறியபின் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் இறுத்து வேறு தொட்டியில் அடுக்கிய முட்டைகளின்மேல் ஊற்ற வேண்டும். முட்டை அன்றைக்கு இட்டதாக இருக்க வேண்டும். கழுவக் கூடாது. கூர்முனை கீழே இருக்க வேண்டும். சில நாளில் நீரின் மேல் பாலாடை போல ஒரு படலம் படரும். அதைக் கலைக்காமல் விட்டால் உள்ளே காற்றுப் போகாது. முக்கியமாக, சேவல் சேராத கோழியின் முட்டையாக இருக்க வேண்டும். கரு உள்ள முட்டை எங்கள் ஊர் வெயிலில் தொட்டிக்குப் போகும் முன்பே உயிர் பிடிக்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் நான் கடைப்பிடித்தது என் சித்தி வீட்டில். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பிஷரீஸ் ஆபீசில் கடைசிக் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். சங்கு சர்க்காருடையது, அதைக் கடலுக்குள் போய் எடுப்பது எங்கள் ஆட்கள், எடுத்ததைத் தோணியிலேயே எண்ணி, பெரிது சிறிது பிரித்து வாங்குவது நான். தங்கியது அம்மாவின் தங்கை வீட்டில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில். சித்தப்பா சங்கு குளிக்கிறவர். கதவுநிலை அகலத்துக்குத் தோள். தண்ணீருக்கு அடியில் மூச்சை அடக்கத் தெரிந்த மனிதர், தரைக்கு மேல் எதையும் அடக்கத் தெரியாதவர்.

எங்கள் தெருவில் தபசு காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதம், வந்துவிட்டால் முட்டை கிடையாது. முட்டை தின்னலாம் என்று பங்குச் சாமியார் எப்போதோ விலக்குக் கொடுத்திருந்தார். தெரு கொடுக்கவில்லை. பரங்கிக்காரன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியபோது என்ன விரதம் சொன்னார்களோ, அதில் ஒரு மஞ்சள்கருவைக்கூடக் குறைக்க எங்கள் பெண்கள் சம்மதிக்கமாட்டார்கள். கோழிகளுக்கு இது தெரியாது. மாசி பங்குனியில்தான் அவை வெறிபிடித்ததுபோல் இடும். வீட்டுக்கு வீடு முட்டை குவியும். தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு விரதம் இல்லை, ஆனால் ஒரு தெரு முட்டையையும் அவர் ஒருவர் தின்ன முடியாது. கூடையோடு போன என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, நீங்க மோட்சத்துக்குப் போறதுக்கு என் கடைல முட்ட நாறணுமாக்கும்? கொண்டுட்டுப் போயிருங்க."

அதனால்தான் தொட்டி.

அந்த வீட்டில் தபசு காலத்தில் சேர்த்து வைக்கப்பட்டது முட்டை மட்டுமல்ல. சித்தப்பா ஒவ்வொரு வருஷமும் தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு மாதாவின் முன்னால் நின்று சத்தியம் செய்வார்: பெரிய சனிக்கிழமை கோயில் மணி அடிக்கும்வரை சாராயம் தொடமாட்டேன், பெண்டாட்டிமேல் கை ஓங்கமாட்டேன். செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் குற்றங்களை மன்னிப்பதாக அவர் சத்தியம் செய்யவில்லையே. குழம்பில் உப்புக் கூடினால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "இருக்கட்டும்ளா. இதயும் சேத்து வச்சுக்கிடுதேன். மணி அடிக்கட்டும்." சட்டை காயாவிட்டால், மணி அடிக்கட்டும். அண்டைவீட்டுக்காரியோடு நின்று பேசினால், மணி அடிக்கட்டும். எதையும் மறக்கமாட்டார். என் ஆபீசில் அப்படி ஒரு ஞாபகசக்தி உள்ள ஆள் இருந்திருந்தால் பாதி அலமாரியைக் காலி செய்திருக்கலாம்.

முந்தைய வருஷத்துப் பெரிய சனிக்கிழமையில் அவர் சித்தியின் இடது கையை முழங்கைக்குக் கீழே ஒடித்தார். எலும்பு கோணலாகத்தான் கூடியது. குடத்தை இடுப்பில் வைத்தால் அந்தக் கை அதைச் சுற்றிப் பிடிக்காது, சும்மா மேலே கிடக்கும்.

நான் முதல் தொட்டி போட்ட அன்று சித்தி அந்தக் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "போன வருசம் வெறும் வயித்துல குடிச்சிட்டு வந்தாரு. வயிறு நெறஞ்சா அவரு தூங்கிருவாரு. மணி அடிச்ச ஒடனே, சாராயக் கடைக்குப் போறதுக்கு முந்தி, எல போட்டு முட்டக் கொழம்ப ஊத்திரணும். முட்டன்னா அவரு சாராயத்தயே காக்க வச்சிருவாரு. இன்னொரு தடவ இந்தக் கை ஒடிஞ்சா எனக்குக் கையே இல்லன்னு வச்சுக்கோ."

ஆக, அந்தத் தொட்டியில் கிடந்தது அவளுடைய கை. ஒரு முட்டை அழுகினாலும் தொட்டி முழுவதும் நாறும். அதனால்தான் முறையில் நான் ஓர் இம்மியும் பிசகவில்லை.

பிசகியது சேவல். சித்தப்பா சண்டைக்கு என்று ஒரு சேவலை வளர்த்தார். கறுப்பு, கழுத்தில் செம்மை, காலில் விரல் நீளத்துக்கு முள். பெட்டையோடு சேர்ந்தால் சண்டைச் சேவலின் வீரியம் குறையும் என்று அவர் அதைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார். சேவல் சேரக் கூடாது என்பது என் கட்சியும். அவரும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

தபசு காலத்தின் நடுவில் ஒருநாள் அவருடைய சூரிக்கத்தி துருப்பிடித்திருந்தது. சித்தி எண்ணெய் தடவ மறந்துவிட்டாள். அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தியம் இருக்கிறது, கையை ஓங்க முடியாது. எழுந்து போய்ச் சேவலின் கால்கயிற்றை அவிழ்த்துக் கோழிகளுக்கு நடுவே விட்டார். பிறகு கவிழ்த்துப்போட்டிருந்த உரலின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

மாதக்கணக்கில் ஒற்றைக்காலில் கட்டிக் கிடந்த பிராணி அது. பெட்டைகளை மிதித்தது, மிதித்ததைக் கொத்தியது, ஓடியதைத் துரத்திச் சுவரில் ஒட்டிக் கிழித்தது. கொல்லை முழுவதும் இறகு. சித்தி செல்லமாக வளர்த்த பழுப்புக் கோழிக்கு ஒரு கண் இருந்த இடத்தில் குழிதான் மிஞ்சியது. விளக்குமாற்றோடு ஓடிய சித்தியின் மேலும் பாய்ந்து, முள்ளால் மணிக்கட்டிலிருந்து ஒரு கோடு இழுத்தது. ரத்தம் சேலையில் இறங்கியது.

"பாத்தியால, நான் கை ஓங்கல" என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். "நீ கவர்மெண்டு ஆளு, நீதாம்ல சாட்சி."

"சத்தியம் பண்ணிருக்கியளே" என்றாள் சித்தி.

"நான் பண்ணினேன். சேவலுக்கு யாரும் விபூதி பூசலியே."

சித்தியின் தம்பி, அதாவது என் மாமா, சத்தம் கேட்டு வந்தார். பக்கத்துத் தெருவில் இருந்தவர். குள்ளமான மனிதர், பேச்சு குறைவு. அக்காவின் கையைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு சேவலைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இட்ட முட்டைகளை நான் தொட்டியில் சேர்க்கவில்லை. கண்போன கோழி இரண்டு நாள் சுற்றிச் சுற்றி நடந்து செத்தது. விரத நாளில் கறி ஆகாது, புதைத்தோம்.

பெரிய வியாழனன்று கோயில் மணிகளின் நாக்கைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மரக்கட்டைதான் தட்டுவார்கள். சனிக்கிழமை காலைப் பூசையின் நடுவில் எல்லா மணிகளும் ஒன்றாக அடிக்கும். அந்த நிமிஷத்தில் தபசு காலம் முடிந்தது. தெருவில் கதவைத் தட்டுவார்கள், தகரத்தை அடிப்பார்கள், ஆண்கள் சாராயக் கடைக்கு ஓடுவார்கள். இப்போது பூசையை ராத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்குக் காலையில்தான்.

அந்தச் சனிக்கிழமை நானும் சித்தியும் பூசைக்குப் போகவில்லை. மாமா போயிருந்தார். நாங்கள் குசினியில் படலத்தை உடைத்து முட்டைகளை எடுத்தோம். சுண்ணாம்பில் கிடந்த முட்டையை அப்படியே கொதிநீரில் போட்டால் வெடிக்கும். ஓட்டின் துவாரமெல்லாம் அடைபட்டிருப்பதால் உள்ளே இருக்கும் காற்றுக்கு வழியில்லை. அகன்ற முனையில் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். சித்தி நல்ல கையால் குத்த, நான் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன். மஞ்சள்கரு குலையாமல் நிமிர்ந்து நின்றது. சித்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மணி அடிக்க நேரம் இருந்தது. மசாலா அரைத்தாயிற்று. உலையும் வைத்தாயிற்று.

அப்போது ஒரு மணி அடித்தது.

கப்பல் சரக்கு இறக்கும் கடற்கரைப் பாலத்தில் விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கையாக ஒரு மணியைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதை அடித்துப் பார்ப்பதற்கு, புதிதாக வந்திருந்த ஒரு துரை அந்தக் காலையைத் தேர்ந்தெடுத்துவிட்டான். அவன் வேறு சபைக் கிறிஸ்தவன். அவனுக்கு அது வெறும் சனிக்கிழமை. மாதா கோயில் மணிக்கும் இன்னொரு மணிக்கும் வித்தியாசம் தெரியாத காது எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் சாராயக் கடை வாசலில் நாற்பது நாள் காய்ந்து நிற்கிற காது எந்த வெண்கலத்தையும் கோயில் என்றுதான் கேட்கும். சித்தப்பா உட்பட வாசலில் நின்ற அத்தனை பேரும் குடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

"அது பாலத்து மணி" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல. அவருக்குத் தெரியணுமே" என்று சிலுவை போட்டுக்கொண்டு வேகமாகக் குத்தத் தொடங்கினாள் சித்தி.

முதல் முட்டை உலைக்குப் போகும் முன் அவர் வந்துவிட்டார். அவருக்கு முன்னால் நாற்றம் வந்தது.

"எங்கேளா சோறு?"

"இன்னும் மணி அடிக்கல. அது பாலத்து மணி. மாதாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கிய, செத்த இருங்க, கொழம்பு ஆயிரும்."

"எனக்கு மணி சொல்லித் தாரியோ?"

முதல் அறை ஊசியைத் தெறிக்கவிட்டது. "இது உப்புக்கு" என்றார். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். "இது சட்டைக்கு." காலால் உதைத்தார். "இது கத்திக்கு." வரிசை தப்பாமல், ஒன்றும் விடாமல் சொல்லிச் சொல்லி அடித்தார். சித்தி கத்தவில்லை, இடது கையை மட்டும் வயிற்றுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு சுருண்டாள்.

அடிக்கிறவனைப் பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. பின்னாலிருந்து இடுப்பைக் கட்ட வேண்டும். கையைப் பிடிக்கக் கூடாது. தெரிந்திருந்தும் கண்ணெதிரே வந்த கையைத்தான் பிடித்தேன். அவர் முழங்கை என் வாயில் இறங்கியது. பல் ஒன்று தரையில் ஓடியதைப் பார்த்தேன். நான் விழுந்த வேகத்தில் சுண்ணாம்புத் தொட்டி கவிழ்ந்தது. எடுக்காமல் மீந்திருந்த முட்டைகள் தரையெல்லாம் உருண்டு உடைந்தன. அவர் வழுக்கினார், எழுந்தார், அந்த ஆத்திரத்தில் சித்தியைப் புரட்டி, அவள் ஒளித்து வைத்திருந்த கையைத் தேடி இழுத்தார். கோணலாகக் கூடியிருந்த இடத்தில் காலை வைத்து மிதித்தார்.

விறகு முறிகிற சத்தம். சித்தி அப்போதுதான் கத்தினாள்.

அந்தக் கத்தலின் மேலேயே கோயில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தன. தெரு முழுவதும் கதவும் தகரமும் முழங்கின. பிள்ளைகள் கூவினார்கள். சித்தப்பா ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். முகத்திலிருந்து சாராயம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மாதாவுக்குச் செய்த சத்தியத்தைக் கடைசி நிமிஷத்தில் முறித்துவிட்டோம் என்பது அவருக்கு எட்டியது. சுண்ணாம்புச் சேற்றிலும் மஞ்சள்கருவிலும் முழந்தாளிட்டு, "மாதாவே, மாதாவே, மன்னிச்சுக்கிடும்" என்று மார்பில் அறைந்துகொண்டு அழுதார். மாதாவிடம்தான் கேட்டார். சித்தி ஒரு முழத் தூரத்தில் கிடந்தாள்.

மாமா கோயிலிலிருந்து நேராக வந்தார், கையில் தீர்த்தச் செம்போடு. உள்ளே பார்த்தார். செம்பை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அந்தச் சண்டைச் சேவல் இருந்தது. முழந்தாளில் இருந்த சித்தப்பாவின் முகத்துக்கு நேராக அதன் கழுத்தை ஒரே திருகில் முறித்து, துடித்துக்கொண்டிருந்ததை அவர் மடியில் போட்டார்.

"மணி அடிச்சிட்டுல்லா, மச்சான்" என்றார். "இனிமே கறி திங்கலாம்."

எலும்பு கட்டும் வைத்தியர் வந்தார். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உளுந்த மாவும் முட்டையின் வெள்ளைக்கருவும் வேண்டும் என்றார். பற்றுப் போட நாட்பட்ட முட்டை ஆகாது, புதிதாக வேண்டும் என்று கறாராகச் சொன்னார். நான் தொட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தவற்றை உடைத்துக் கொடுத்தேன். வெள்ளைக்கரு கெட்டியாக விழுந்ததைப் பார்த்து, "இன்னைக்கி இட்டதோ?" என்றார். ஆமாம் என்றேன். சித்தப்பாவின் முழங்கால்களில் சுண்ணாம்பு தோலைத் தின்றிருந்தது. அதற்கு அவர் மருந்து கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து தோணிகள் கடலுக்குப் போகும் நாள் வந்தது. சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிற்றோடும் காலடியில் ஒரு கல்லோடும் இறங்குகிறான். மேலே கயிற்றை ஒருவன் பிடித்திருப்பான். அந்த ஆழத்திலிருந்து சங்குப் பையோடு தானாக நீந்தி ஏற மூச்சு போதாது. கீழே இருப்பவன் மூச்சு முட்டிக் கயிற்றை ஆட்டினால் அவன் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் சகோதரனிடம் கொடுப்பதுதான் எங்கள் கரை வழக்கம். கூடப்பிறந்த தம்பியே சொத்துக்காகக் கைவிடலாம். மச்சினன் விடமாட்டான், அக்காள் தாலி அறுந்துவிடும் என்று. சித்தப்பாவின் கயிறு கல்யாணமான நாளிலிருந்து மாமாவின் கையில்தான் இருந்தது.

மாமா கடற்கரைக்கு வரவில்லை. சித்தப்பா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆள் ஆளாகக் கேட்டார். மச்சினன் கீழே போட்ட கயிற்றை இன்னொருவன் எடுக்கமாட்டான், அதுவும் வழக்கம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். தோணி அவரை விட்டுவிட்டுப் போனது. மறுநாளும் போனது. அவர் பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் பாவத்தை மன்னித்தார், ஜெபமாலை சொல்லச் சொன்னார். கயிறு பிடிக்க அவரால் முடியாது.

மூன்றாம் நாள் மாமா சித்தியைப் பார்க்க வந்தார். சித்தப்பா வெளியே போயிருந்தார். சித்தி பற்றுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"நீ கடலுக்கு அனுப்பலன்னா வீட்டுலதாம்ல கெடப்பாரு" என்றாள். "வீட்டுல கெடந்தா நான்தான் இருக்கேன். கயிறப் பிடி."

மாமா தரையைப் பார்த்தார். "என் கை சும்மா இருக்காது, அக்கா."

"சும்மா இருக்கச் சொல்லல." சித்தி கொஞ்சம் யோசித்தாள். "செத்துரப்படாது. அவ்வளவுதான்."

அடுத்த நாள் தோணியில் நானும் இருந்தேன். காற்றில்லை. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி. சித்தப்பா கயிற்றை மாமாவிடம் நீட்டியபோது, "மாப்ள, மனசுல ஒண்ணும் வைக்கப்படாது" என்றார். "எறங்குங்க மச்சான்" என்றார் மாமா. சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கினார்.

கயிறு ஆடியது. மாமா பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஆடியது, இந்த முறை பலமாக. மாமா கயிற்றைப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டார். தோணியை நடத்தும் தண்டல் வானத்தைப் பார்த்தார். மற்ற கயிற்றுக்காரர்கள் தங்கள் தங்கள் கயிற்றைப் பார்த்தார்கள். கயிறு வெறிபிடித்ததுபோல் துள்ளியது. என் வேலை சங்கு எண்ணுவது. எண்ணினேன். எண்ணியதையே திரும்ப எண்ணினேன். துள்ளல் நின்றது. அப்போதுதான் மாமா காலை எடுத்து, கை மாற்றி மாற்றி, அவசரமில்லாமல் இழுத்தார்.

பாதி வழியில் சித்தப்பா சங்குப் பையை அறுத்துவிட்டிருக்க வேண்டும், வெறுங்கையோடு வந்தார். மூக்கிலும் ஒரு காதிலும் ரத்தம். கண் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. மீனைத் தூக்கிப் போடுவதுபோல் உள்ளே போட்டார்கள். தண்ணீராகக் கக்கினார். பேச முடிந்ததும் மாமாவைப் பார்த்தார்.

"ஆட்டினேனே மாப்ள."

"தெரிஞ்சிது மச்சான்."

 சித்தப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் அதே தோணியில், அதே கயிற்றில் இறங்கினார். சித்தி மேல் கை வைக்கவில்லை. மாதாவின் கிருபை என்று சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் குறிப்பிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ இருமினார்கள்.

கயிறு துள்ளிய அன்று சாயங்காலம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தோம். காதில் பஞ்சு அடைத்திருந்தது. ஒரு பக்கம் முழுவதும் கேட்கவில்லை. அது பிறகும் திரும்பவில்லை. சித்தி எட்டிப் பார்த்தாள். மாமா தலையை மட்டும் அசைத்தார். அவள் ஒற்றைக் கையால் தட்டை எடுத்து வைத்து, சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றினாள். பிறகு அவரருகே போய், தெருக்கோடி வரை கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள். அந்த வீட்டில் அவ்வளவு பெரிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"சாப்பிட வாரியளா?"

அவர் உடனே எழுந்து வந்தார்.